பன்னிரண்டு யூனிட்

ஒன்பது வருடமாகப் பார்க்காத தங்கையின் முகத்தை ஒரு தடவை பார்க்க என்ன விலை? பன்னிரண்டு யூனிட் மின்சாரம். ராத்திரி ரேட்டில் வாங்கினால் நாலு டீக் காசு, பகல் ரேட்டில் எட்டு டீக் காசு. சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விலை மலிவு. வாங்குகிறவரும் ஏழை இல்லை. அப்படியும் அந்த வியாபாரம் படியவில்லை.

இதுவரை கூடவே வந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும். இந்த வாரம்தான் வண்டி ஏறுகிறவர்களுக்காக நாலு வரி.

பெரியவருக்கு டைல்ஸ் மொத்த வியாபாரம். எதையும் எடைபோட்டே பேசுவதால் கடைவீதியில் அவர் பெயர் தராசு. தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அவன் பெயர் கிளட்ச். கிளட்சே இல்லாத மின்சாரக் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, பெயர் மட்டும் கழலவில்லை. இருவருக்கும் இளையவள் கடைக்குட்டி. கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். அம்மா படுத்திருந்தபோது, "சாதாரணக் காய்ச்சல்தான், டிக்கெட்டைத் தண்டம் பண்ணாதே" என்று தராசு அவளுக்குப் போனில் சொன்னார். அவள் நம்பினாள். மூன்றாம் நாள் அம்மா இல்லை. அன்றோடு பெரியண்ணனிடம் பேச்சை நிறுத்தியவள்தான்.

போன வாரம் அவள் கிளட்சைக் கூப்பிட்டாள். ஒரு பயிற்சிக்காக வேறு நாட்டுக்குப் போகிறாள். நம் விமான நிலையத்தில் விமானம் மாற வேண்டும். நடுவில் நாலு மணி நேரம் வெளியே வரலாம். அம்மா இருந்த அறையில் ஒரு பத்து நிமிடம் உட்கார வேண்டுமாம். "ஆனா அந்த வீட்டுக்கு நானா டாக்ஸி பிடிச்சு வரமாட்டேன்டா. கூட்டிட்டுப் போக வீட்டு ஆள் வரணும். பெரியண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாது. வந்து நிக்கறேன், அப்ப பாத்துக்கட்டும்."

கிளட்சும் அண்ணியும் சத்தியம் செய்யாத குறையாக ரகசியம் காத்தார்கள். இன்றுதான் அந்த நாள். தராசுக்கு மட்டும் இது ஒரு சாதாரண வியாழக்கிழமை.

*

காலை ஒன்பதே கால். கடையில் ஒரு மேஸ்திரி சாம்பல் நிறத் தரை டைல்ஸைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மேஸ்திரி, பாட்டு வருதா?" என்றார் தராசு.

"பாட்டு வருது முதலாளி. நீங்க சொல்ற விலைக்கு ஆட்டமும் சேர்ந்து வரணும்."

"நாப்பது பெட்டி எடுக்கறீங்க. ஆடறதுக்கு ஆளா கிடைக்காது?"

"பெட்டிக்குப் பத்து குறைங்க. நானே ஆடறேன்."

பேரம் இந்த மாதிரி சுகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் கிடந்த செல்போன் ஒரு தடவை உறுமியது. தராசு எடுத்துப் பார்த்தார். வீட்டுக் கார் ஷெட்டில் சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜரிலிருந்து செய்தி. பச்சை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குத் தொடங்கியிருக்கிறது. பகல் ரேட்டும் அதே ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது.

அந்தச் சார்ஜர் வந்ததிலிருந்து தராசுக்கு வீட்டை விட்டு வெளியே வந்த மாதிரியே இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது, எந்த நிமிடம் நிற்கிறது, எல்லாம் உள்ளங்கையில். தன் காருக்கு ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் மின்சாரம் பாயும்படி போனிலேயே பூட்டு வைத்திருந்தார். மனைவிக்கு அந்த ஆப் கிடையாது. தம்பிக்குக் கிடையவே கிடையாது. மாதக் கடைசியில் தம்பி இழுத்த யூனிட்டை மட்டும் தேதிவாரியாகக் குடும்பக் குழுவில் போடுவார். "சும்மா தகவலுக்கு" என்று கீழே ஒரு வரியும் போடுவார். அந்தத் தகவலைப் படித்துவிட்டுக் கிளட்ச் ஒரு கும்பிடு பொம்மையைத் திருப்பி அனுப்புவான். அவன் இருப்பது மூன்றாவது மாடி வாடகை வீடு. அங்கே பிளக் போட வழியில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அண்ணன் வீட்டு ஷெட்தான் கதி.

தன் கார் கடை வாசலில் நிற்கிறது. ஆக, இழுக்கிறவன் கிளட்ச்தான்.

"ஊரே விலை ஏத்துற நேரம் பாத்துத்தான் இவனுக்குப் பசிக்கும்" என்று முணுமுணுத்தார்.

"யாருக்கு முதலாளி?"

"கூடப் பிறந்தவனுக்கு. நீங்க மேல சொல்லுங்க."

அப்போது போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன்டா தம்பி, இன்றைக்கு என்ன அவசரம் என்று. கேட்க மாட்டார். கிளட்சும் முதல் நாளே வந்து, அண்ணா, நாளைக்குக் காலையில் எனக்கு முழு சார்ஜ் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். காரணத்தைக்கூடச் சொல்ல வேண்டாம். சொல்ல மாட்டான். இந்த வீட்டில் யாரும் தேவையை முதலில் வாயால் சொல்வதில்லை. கடையில் படிந்த பழக்கம் சாப்பாட்டு மேஜை வரை வந்துவிட்டது. உப்பு வேண்டுமென்றால்கூட, "இன்னிக்குச் சமையல் யாரு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

சிவப்புப் பொத்தானில் "நிறுத்து" என்று எழுதியிருந்தது. தராசு பெருவிரலால் ஒரு தட்டு தட்டினார். "நிச்சயமாகவா?" என்று போன் கேட்டது. இன்னொரு தட்டு. பச்சை வட்டம் சாம்பலாகி நின்றது. ஏறியது இரண்டே கால் யூனிட்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் மேஸ்திரிக்குப் பெட்டிக்கு நாலு குறைத்தார்.

*

பதினொன்றே முக்காலுக்கு மனைவி கூப்பிட்டாள். மேஸ்திரி போய், ஒரு காண்டிராக்டர் வந்து, குளியலறைச் சுவருக்கு நீலமா பச்சையா என்று அவர் தன் மனைவியிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்த நேரம்.

"என்னங்க, காலையில போன்ல எதையாவது அமுக்கினீங்களா?"

"எதையாவதுன்னா எதை?"

"சார்ஜரை."

"ஓ, அதுவா? ஆமா. சரியா பகல் ரேட்டுல வந்து சொருகியிருக்கான் உன் கொழுந்தன். நிறுத்திட்டேன். ராத்திரி வந்து போட்டுக்கச் சொல்லு."

பாராட்டு எதிர்பார்க்கவில்லை என்றாலும் ஒரு "ம்" ஆவது வரும் என்று காத்திருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"ஏய், அழறியா? என்ன ஆச்சு?"

"கடைக்குட்டி வந்திருக்குங்க."

"எங்க?"

"ஏர்போர்ட்ல நிக்குது. நம்ம வீட்டுக்கு வரத்தான். கூட்டிட்டு வர சின்னவர் போனாரு. பாதி வழியில கார் படுத்துடுச்சு."

தராசு எழுந்து நின்றார். எதற்காக எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

மனைவி கொட்டித் தீர்த்தாள். தங்கை போட்ட நிபந்தனை. ரகசியம். மத்தியானம் ஒரு மணிக்கு, "பைப் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி, உடனே வாங்க" என்று அவரைக் கடையிலிருந்து வரவழைக்க வைத்திருந்த திட்டம். அம்மாவின் அறையில் அவர் அடுக்கி வைத்திருந்த சாம்பிள் டைல்ஸ் பெட்டிகளை எல்லாம் அவர் கடைக்குக் கிளம்பியதும் ஒற்றை ஆளாகத் தூக்கி ஹாலில் வைத்தது. இடுப்பு விட்டுப்போனது. அடுப்பில் மூன்று பாத்திரம்.

"கார்ல எவ்வளவு இருக்குன்னு பாக்காமலா கெளம்பினான்? டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன்!"

"அதைத்தான் ஒட்டி மறைச்சு வச்சிருக்காரே! படிக்க வர்றவங்க ரோட்டைப் பாக்காம அந்த நம்பரையே பாத்துப் பயப்படறாங்கன்னு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காரு. சொருகிட்டுக் குளிக்கப் போனாரு. ராத்திரி தூக்கமில்ல, கொஞ்சம் கண் அசந்தாரு. எந்திரிச்சு நேரம் பாத்தாரு. ஏர்போர்ட் போய்ட்டு வரப் பன்னெண்டு யூனிட் வேணும், ஏறியிருக்கும்னு ஓடிட்டாரு. ஏறியிருக்கணும்ல? நீங்க சும்மா இருந்திருந்தா ஏறியிருக்கும்ல?"

தராசு காதிலிருந்து போனை எடுத்தார். அவசரமாக ஆப்பைத் திறந்தார். பெரிய பச்சைப் பொத்தான்: "தொடங்கு." அழுத்தினார்.

"வாகனம் எதுவும் இணைக்கப்படவில்லை" என்றது போன்.

மறுபடி அழுத்தினார். மறுபடி அதையே சொன்னது. புத்தி உள்ள மனிதர்தான். ஆனாலும் மூன்றாவது தடவையும் அழுத்தினார்.

"முதலாளி, நீலமே போட்டுடலாம்கறா. விலை சொல்லுங்க" என்றார் காண்டிராக்டர்.

"நீங்க சொல்றதுதான் விலை. பையன்கிட்ட வேணாம், மேனேஜர்கிட்ட சீட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தராசு கார் சாவியைத் தேடி எடுத்தார். முப்பது வருடத்தில் அவர் பேரம் பேசாமல் விட்ட முதல் சரக்கு அது. காண்டிராக்டர் ஏதோ பழுதான டைல்ஸோ என்று சந்தேகப்பட்டு, வாங்காமலே போனதாகப் பிற்பாடு கேள்வி.

*

ராத்திரி ரேட்டில் நிரப்பிய கார். முகப்பில் எண்பத்தெட்டு சதவீதம் என்று காட்டியது. எண்பத்தெட்டை வைத்துக்கொண்டு அந்தக் கார் காலையிலிருந்து கடை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தராசுக்கு யாரோ காறித் துப்பிய மாதிரி இருந்தது. ஏசியின் காற்றை அதன்மேல் திருப்பினார். எண்மேல் காற்றடித்தால் எண் மறையுமா?

விமான நிலையம் ஊருக்கு மறுகோடி. ஊரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சிக்னலும் அவரை நிறுத்தி வைத்துப் பார்த்தது.

வழியில் கிளட்சைக் கூப்பிட்டார்.

"எங்கடா நிக்கற?"

"மேம்பாலம் இறங்கினதும் ஓரமா. இங்க டாக்ஸி ஒன்னும் வர மாட்டேங்குது." தம்பியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வந்துட்டு இருக்கேன். ஒரு மணிக்குள்ள வந்துடுவேன். உன்னை ஏத்திக்கிட்டு நேரா போயிடலாம். கடைக்குட்டிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வண்டி நின்னுடுச்சு, லேட்டாகும்னு."

"காரணம்?"

"கேட்டுச்சு. சொன்னேன்."

"ஏன்டா சொன்ன!"

"அது கேட்டுச்சுண்ணா. நான் என்ன பண்ண? டயர் பஞ்சர்னு சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணல. இத்தனை நாளா உன்கிட்ட மறைச்சதுலயே எனக்கு நாக்கு தளந்து போச்சு."

"நான் வர்றேன்னும் சொன்னியா?"

"அதைத்தான் கடைசியா சொன்னேன். 'சரி'ன்னு சொல்லிட்டு வச்சுடுச்சு."

தராசு அந்தச் "சரி"யை வழியெல்லாம் எடைபோட்டுக்கொண்டே போனார். வாடிக்கையாளர் சொல்லும் "சரி"யில் பத்து வகை அவருக்குத் தெரியும். வாங்கப்போகிற சரி, வாங்காமல் நழுவுகிற சரி, அடுத்த கடையில் விசாரித்துவிட்டு வருகிற சரி. இது எந்த வகை என்று பிடிபடவில்லை.

இன்னொன்றும் கூடவே ஏறிக்கொண்டது. ஒன்பது வருடத்துக்கு முன்பு அம்மாவின் கட்டில் ஓரத்தில் நின்று போன் பேசியது. அன்றைக்கு டாக்டர் தெளிவாக எதுவும் சொல்லவில்லை என்பது உண்மை. டிக்கெட் விலை அந்த வாரம் மூன்று மடங்கு என்பதும் உண்மை. தங்கை அப்போதுதான் வேலையில் சேர்ந்தவள், கையில் காசில்லாதவள். அவள் பணத்தைக் காப்பாற்றித்தான் கொடுத்தோம் என்று எத்தனையோ தடவை தனக்குத் தானே வாதாடி ஜெயித்திருக்கிறார். இன்று அந்த வழக்கு எடுபடவில்லை. அன்றும் யாரையும் கேட்காமல் தூரத்திலிருந்து ஒரு தட்டு. இன்றும் ஒரு தட்டு.

*

ஒரு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேம்பாலத்துக்குக் கீழே தம்பியைப் பார்த்தார். கூரைமேல் "பழகுநர்" பலகை மாட்டிய சின்ன வெள்ளைக் கார். அதன் நிழலில் கிளட்ச் குந்தியிருந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான், தங்கைக்காக. முதுகு முழுக்க வேர்வை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தான்.

"திட்டு" என்றார் தராசு.

"ஓட்டு" என்றான் கிளட்ச்.

விமான நிலையத்துக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நிறுத்துமிடத்தில் இடம் தேடி, இரண்டு சுற்று சுற்றி, ஓடாத குறையாக வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்று இருபது. வந்திறங்குகிறவர்களுக்கான தடுப்புக் கம்பியை ஒட்டி நூறு பேர் நின்றார்கள். பெட்டி தள்ளுகிறவர்கள், கட்டிப்பிடிக்கிறவர்கள், பெயர் எழுதிய அட்டை பிடிக்கிறவர்கள். தராசு ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். நாலாவது முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ஒன்பது வருடத்தில் தங்கை எப்படி மாறியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியுமா?

கிளட்ச் போன் போட்டான். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"எங்க நிக்கற பாப்பா? நாங்க வாசல்லதான் இருக்கோம்... என்னது?... எப்ப?... ஐயோ, ஏன் பாப்பா... இரு, இரு." போனைக் கீழே இறக்கினான். "உள்ள போயிடுச்சுண்ணா."

"எங்க உள்ள?"

"அடுத்த பிளைட்டுக்கு. பாஸ்போர்ட் முத்திரை எல்லாம் குத்தி உள்ள போயாச்சு. இனி வெளிய வர விட மாட்டாங்களாம்."

தராசு கையை நீட்டினார். கொடு என்று கேட்கவில்லை. கிளட்ச் ஒரு கணம் யோசித்துவிட்டுப் போனை அவர் கையில் வைத்தான்.

காதில் வைத்தார். அந்தப் பக்கம் பயணிகளுக்கான அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்து ஒலிபெருக்கியிலும் அதே குரல். இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள்.

"பாப்பா" என்றார்.

நீளமான மூச்சு ஒன்று கேட்டது. பிறகு, "சாப்பிட்டியாண்ணா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல நினைத்து, "ஆச்சு" என்றார். பொய்.

"அண்ணி சமைச்சிருப்பாங்களே. பாவம். நான் பேசறேன் அவங்ககிட்ட."

"பாப்பா, நான் வேணும்னு பண்ணலம்மா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரியும்ணா. நீ எப்பவும் வேணும்னு பண்ணதில்ல."

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாமே. நான்தான் வந்துட்டு இருந்தேனே."

"நிக்கத்தான் நெனச்சேன். நீ வர்றேன்னு சின்னவன் சொன்னதும் கால் நிக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "உன்னைப் பாத்தா நான் முதல்ல சண்டைதான் போடணும். ஒன்பது வருஷமா எடுத்து வச்சிருக்கேன். வீட்டுல வச்சுன்னா போட்டுட்டு, அழுதுட்டு, அம்மா ரூம்ல உக்காந்து சமாதானம் ஆயிருப்பேன். வாசல்ல நின்னு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே சண்டை போட எனக்கு வரல."

"போட்டிருக்கலாம். நான் வாங்கிட்டிருப்பேன்."

"நீ பேரம் பேசுவ."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. தராசும் எதையோ சொல்ல வாயெடுத்தார். உண்மையிலேயே முதலில் வந்தது ஒரு பேர வார்த்தைதான். நீ அன்றைக்கு டாக்டரிடமே பேசியிருக்கலாமே என்று. அதை விழுங்கினார். விழுங்குவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

"அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறினப்ப எனக்குப் பயமா இருந்துச்சு பாப்பா" என்றார். "டாக்டர் முகத்தைப் பாத்தப்பவே தெரிஞ்சுது. நீ வந்து, அது உண்மைன்னு ஆயிடுமோன்னு பயம். டிக்கெட் விலைங்கறது நான் சொன்ன சாக்கு."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற கிளட்ச் திரும்பிப் பார்த்தான். வரிசையில் யாரோ ஒருவர் பெட்டிச் சக்கரத்தை அவர் காலில் ஏற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போனார். தராசு கவனிக்கவில்லை.



"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றாள் அவள், "நான் கடன் வாங்கியாவது ஓடி வந்திருப்பேண்ணா. அம்மாவுக்காக மட்டும் இல்ல. நீ பயந்துக்கிட்டு இருந்தன்னு."

"ம்."

"போன்ல பேசிப் பேசிப் பழகிட்ட நீ. எல்லாத்தையும் அங்க இருந்தே முடிச்சுடற."

"திரும்பி எப்ப வர்ற?"

"பதினெட்டு நாள் கழிச்சு. இதே வழிதான் டிக்கெட். ஆனா..." மறுபடி அந்த நீளமான மூச்சு. "லேப்ல கூட வேலை பாக்கறவங்க, நேரா போற பிளைட் ஒன்னு இருக்கு, மாத்திக்கோங்கறாங்க. இதுவரைக்கும் வேணாம்னுதான் சொல்லிட்டு இருந்தேன். இப்ப தெரியல. வைக்கறேண்ணா. சின்னவனை எதுவும் சொல்லாத."

வைத்துவிட்டாள். தராசு போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கிளட்ச் மெதுவாக அதை வாங்கிக்கொண்டான்.

*

அவர்கள் திரும்புவதற்குள் நெடுஞ்சாலை ரோந்துக்காரர்கள் சின்னக் காரைக் கயிறு கட்டி இழுத்து, சில கிலோமீட்டர் தள்ளி இருந்த சார்ஜ் நிலையத்தில் விட்டிருந்தார்கள். அங்கிருந்த இரண்டு சார்ஜ் பெட்டிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. வேலை செய்கிற பெட்டியில் சொருகிவிட்டு அண்ணனும் தம்பியும் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தார்கள். வெயில் காலடி வரைக்கும் வந்து நின்றிருந்தது. பெட்டியின் திரையில் யூனிட் ஏறிக்கொண்டிருந்தது.

மனைவி ஒரு தடவை கூப்பிட்டாள். "பேசிச்சு என்கிட்ட" என்றாள். "டைல்ஸ் பெட்டியெல்லாம் மறுபடி அந்த ரூம்ல வைக்கவா, ஹால்லயே இருக்கட்டுமா?" "நீ தூக்காத. நான் வந்து கடைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். "சாப்பாடு?" என்றாள். "நீ சாப்பிடு" என்றார். "எனக்கு மட்டும் எறங்குமா?" என்று வைத்துவிட்டாள்.

கிளட்ச் எழுந்து போய்க் காரின் முகப்பிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். பசை பாதி வந்தது, பாதி வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"அந்த ஸ்டிக்கர் மட்டும் இல்லாம இருந்திருந்தா..." என்று தராசு ஆரம்பித்தார்.

"இல்லாம இருந்திருந்தா வீட்டு வாசல்லயே தெரிஞ்சிருக்கும். உனக்குப் போன் பண்ணியிருப்பேன். சரி. பாதித் தப்பு என்னோடது. எடுத்துக்கறேன். பேரம் முடிஞ்சுதா?"

தராசு தலையைக் குனிந்துகொண்டார். பழக்கம் எங்கே போய்த் தலைகாட்டுகிறது! தங்கையைத் தவறவிட்ட பகல்பொழுதில்கூடத் தப்பில் தள்ளுபடி கேட்கிறது.

"இல்லடா. உன் பாதியையும் குடு. முழுசா நானே வச்சுக்கறேன்."

கிளட்ச் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அண்ணன் எதையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பார்த்ததில்லை.

"இந்தா, உன் போனை எடு. ஆப்பைப் போட்டுத் தர்றேன். பாஸ்வேர்டு சொல்றேன். எப்ப வேணா வந்து போட்டுக்க, எந்த ரேட்டா இருந்தாலும்."

"நான் பாஸ்வேர்டா கேட்டேன்?" கிளட்ச் குரலை உயர்த்தவில்லை. "எதுக்குடா இன்னிக்கு சார்ஜ்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்கலாம். நம்ம ரெண்டு பேருக்கும் ஆப் எதுக்கு? பக்கத்துப் பக்கத்துத் தெருவுல இருக்கோம்."

சார்ஜ் பெட்டி ஒரு தடவை கூவிவிட்டு மறுபடி ஓடியது. கிளட்ச் அதையே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சீட்டு எழுதுகிற குரலில் சொன்னான்.

"கணக்குன்னா உனக்குப் புரியும். சொல்றேன், போட்டுக்க. அண்ணி எந்திரிச்சது நாலு மணி, பெட்டி தூக்கினது இருபத்தாறு. நான் ரோட்டோரத்துல ஒன்னேகால் மணி நேரம். அது ஏர்போர்ட் வாசல்ல ஒரு மணி நேரம் பத்து நிமிஷம், கையில பெட்டியோட. நீ அதுகிட்ட பேசினது..." போனை எடுத்துப் பார்த்தான். "ஆறு நிமிஷம் நாப்பது செகண்டு. ஒன்பது வருஷத்துக்கு."

"வரவுல அந்த ஆறு நிமிஷம் மட்டும்தானா?"

"அதுவும் என் போன்ல."

தராசு மனசுக்குள் கூட்டினார், கழித்தார். எத்தனை தடவை போட்டாலும் ஒரே பக்கம்தான் தாழ்ந்தது.

"மிச்சம்?"

"பதினெட்டு நாள்" என்றான் கிளட்ச். "அதுவும் அது டிக்கெட்டை மாத்தலேன்னா."